எர்ரபாலு செட்டித் தெரு தொலைபேசி இணைப்பகம்

எர்ரபாலு செட்டித் தெரு தொலைபேசி இணைப்பகம் என்பது சென்னையின் முதல் தொலைபேசி இணைப்பகம் ஆகும். இது பாரிமுனையை ஒட்டிய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனில் அமைந்தது.

1881இல் இங்கிலாந்தின் ஓரியண்டல் தொலைபேசிக் கம்பெனிக்கு இந்திய நகரங்களில் இணைப்பகம் நடத்த அரசு உரிமம் வழங்கியது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சேவை தொடங்கியது. பொது அறிவு நூல்கள் பலவும் கல்கத்தாவின் 7, கவுன்சில் ஹவுஸ் தெருவையும் அதன் 93 சந்தாதாரர்களையும் மட்டுமே சொல்லும்; சென்னையை விட்டுவிடும். சிசோம் வடிவமைத்த தலைமை அஞ்சலகக் கட்டடமே 1884இல்தான் முடிந்தது. அதற்கும் முன்பே இங்கே தொலைபேசி மணி ஒலித்துவிட்டது.

தொடக்கத்தில் பேச்சு நகர எல்லையைத் தாண்டவில்லை. கம்பியில் தூரம் கூடக் கூட ஒலி தேய்ந்துவிடும். வழியில் ஒலியைப் பெருக்கி அனுப்பும் வெற்றிடக்குழாய்க் கருவிகள் வந்த பிறகே நெடுந்தொலைவுப் பேச்சு நடைமுறைக்கு வந்தது. அப்போதும் நகர இணைப்பகம் கம்பெனியிடமும், ஊர்விட்டு ஊர் செல்லும் டிரங்க் தடங்கள் அரசின் அஞ்சல் தந்தித் துறையிடமும் இருந்தன. வணிகர் ஒருவர் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் அவரது இணைப்பை முதலில் டிரங்க் பலகைக்கு மாற்ற வேண்டும். அங்குள்ள ஆபரேட்டர் அடுத்த ஊர் ஆபரேட்டரை அழைப்பார். 1943இல் நகர இணைப்பகங்களும் அரசிடம் வந்தன.

டிரங்க் காலில் சாதாரணம், அவசரம், மின்னல் என மூன்று வகை இருந்தன. மின்னல் அழைப்புக்குச் சாதாரணத்தைப் போல 8 மடங்கு கட்டணம் இருந்தது. மூன்று நிமிடம் ஒரு அலகு. 180க்குப் பேசிப் பதிந்துவிட்டு, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் தொலைபேசி ஏது? அஞ்சலக வாசலில் உட்கார்ந்திருப்போம். சாவுச் செய்தி சொல்ல வந்தவர்கூடத் தடம் கிடைக்காமல் பேருந்து ஏறிப் போனதுண்டு. பேச்சு கிடைத்தாலும் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும்.

1960 நவம்பரில் கான்பூர்–லக்னோ இடையே எஸ்.டி.டி. சேவை தொடங்கியது. பிறகு படிப்படியாக மற்ற ஊர்களுக்கும் பரவி, டிரங்க் ஆபரேட்டரின் வேலையைத் தானியங்கி இணைப்பகம் எடுத்துக்கொண்டது. சென்னைக்கு 044, புதுச்சேரிக்கு 0413 என்று சுழற்றும்போது முன்னால் வரும் 0 எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். இது உள்ளூர் அழைப்பு அல்ல, டிரங்க் தடத்துக்கு மாற்று என்று உள்ளூர் இணைப்பகத்துக்குச் சொல்லும் குறி அது. முன்பு அதை ஆபரேட்டரிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம்.