ஏழில் ஒன்று போக

நண்பர்கள் யார் வந்தாலும் முட்டுக்காடு பாலத்தில் வண்டியை நிறுத்துவேன். தெற்கே கைகாட்டி, "மாமல்லபுரத்துல ஏழு கோயில் இருந்துச்சு, ஆறு கடலுக்குள்ள போயிடுச்சு" என்பேன். ஒருமுறை அதைக் கட்டுரையாகவும் எழுதினேன். ஆதாரம்: வில்லியம் சேம்பர்ஸ், 1788.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "தம்பி, சேம்பர்ஸை நீங்க படிச்சீங்களா?"

படிக்கவில்லை. பத்து இணையப் பக்கங்களில் அந்தப் பெயர் இருந்தது. பத்து பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அன்றிரவு பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. பத்து சாட்சி இல்லை, ஒரே சாட்சியின் பத்து ஜெராக்ஸ். பதினோராவது நான்.

வேலையில் ஒரு பிழை வந்தால், அது முதலில் கிளம்பிய இடம்வரை தேடிப் போவோம். வரலாறுன்னு வந்ததும் அந்தப் பழக்கத்தை எங்கே விட்டேன்?

'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியின் ஸ்கேன் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது. சேம்பர்ஸ் 1772-லும் 1776-லும் ஊரை நேரில் பார்த்தவர். ஆனால் நினைவிலிருந்து எழுதுவதாக அவரே சொல்லிவிடுகிறார். கடலுக்குள் கோபுர உச்சிகளை அவர் பார்க்கவில்லை, கேட்டார். செம்பு போர்த்திய உச்சிகள் காலை வெயிலில் மின்னியதைப் பெரியவர்கள் பார்த்திருந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எத்தனை? 'பல' என்றுதான் இருக்கிறது. ஏழு என்பது மாலுமிகள் ஊருக்கு வைத்த பெயரில் உள்ளது. பாறை முகடுகளைப் பார்த்து வைத்திருப்பார்களோ என்று யோசித்துவிட்டு, கரையிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றும் எழுதுகிறார். எவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்! அவருடைய 'இருக்கலாம்'களை எல்லாம் உதிர்த்துவிட்டு, ஏழில் ஒன்றைக் கழித்தது நாம்தான்.

அப்போ கடலில் ஒன்றுமே இல்லையா? இருக்கு. 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தினர், ஒரு பிரிட்டிஷ் குழுவோடு அங்கே மூழ்கிப் பார்த்தார்கள். 2004-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அவர்கள் எழுதியது: 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சரிந்த சுவர்கள், செதுக்கிய கற்கள், படிகள். கண்டதை மட்டும் சொன்னார்கள். ஆறு கோயில் என்று எண்ணிச் சொல்லவில்லை.

கட்டுரையைத் திருத்தினேன். அதற்குள் என் பழைய வரியை ஆதாரமாகக் காட்டி வேறொரு பக்கம் வந்துவிட்டது. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பாலத்தில் இப்போதும் கதை சொல்கிறேன். "பெரியவங்க பார்த்ததா ஊர்க்காரங்க சொன்னாங்க, அதைக் கேட்ட ஒருத்தர் ஞாபகத்துலேருந்து எழுதினார்" என்று ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் யாரும் நடுவில் எழுந்து போனதில்லை.