வைக்கம் வழியும் பிறசமயத்தார் உரிமையும்

1. முன்னுரை

'அம்பலம்' என்னும் சொல் தமிழில் பலரும் கூடும் பொதுவிடத்தைக் குறிக்கும். மறைந்திருந்த ஒன்றைப் பலரறியச் செய்தலை 'அம்பலப்படுத்தல்' என்பது இன்றும் வழக்கு. மலையாளத்திலோ அச்சொல் கோயில் என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. ஒரு சொல்லே ஓரிடத்து ஊர்ப்பொதுவையும் பிறிதோரிடத்துக் கோயிலையும் சுட்டி நிற்றல், 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில் எழுந்த வழக்கின் உட்கிடையை உணர்தற்குத் துணைசெய்யும். கோயிலைச் சூழ்ந்த தெரு ஊர்க்குரியதா, கோயிற்குரியதா என்பதே அவ்வழக்கு. அதற்குக் கூறும் விடையைப் பொறுத்து, அத்தெருவின் பொருட்டுப் போராடும் உரிமை எவர்க்குண்டு என்னும் வினாவிற்கும் விடை வேறுபடும். ஈண்டு ஆராயப்படுவது இப்பின்னைய வினாவே.

2. ஆலுவாயும் வைக்கமும்

1924 மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில், சிவராத்திரியை ஒட்டி, ஸ்ரீ நாராயண குரு ஆலுவாய் அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மாநாடு ஒன்றைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சர் டி. சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். பல சமயத்தாரும் ஒரே மேடையில் தத்தம் நெறியை எடுத்துரைத்தனர். வாதில் வெல்லுதல் அன்று, ஒருவரையொருவர் அறிதலே அக்கூட்டத்தின் குறிக்கோள்.

அதே திங்கள் 30-ஆம் நாள், திருவாங்கூரைச் சார்ந்த வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. புலையர் ஒருவர், ஈழவர் ஒருவர், நாயர் ஒருவர் என மூவர் மகாதேவர் கோயில் தெருவை நோக்கி ஒருங்கே நடந்தனர். குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்பன அவர்தம் பெயர்கள். நாயர்க்கு வழி திறந்தே இருந்தது. எனினும் தோழர் இருவரையும் விடுத்துச் செல்ல அவர் இசைந்திலர். மூவரும் சிறைப்பட்டனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அத்தெருவில் கிறித்தவரும் முசுலிம்களும் தடையின்றி நடந்தனர். தடுக்கப்பட்ட ஒருவர் மறுநாள் சமயம் மாறின் அவர்க்கும் வழி கிடைக்கும். ஆதலின், தாம் பிறந்த சமயத்திலேயே நிற்றல் ஒன்றே அவரை அவ்வழியினின்றும் விலக்கிற்று. தம் சமயத்தை விடாதார்க்கே அச்சமயத்தின் பெயரால் தண்டனை கிடைத்தது எனலாம்.

3. காந்தியடிகள் கொள்கை

போராட்டத்தை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். சிரியன் கிறித்தவராகிய இவர் மதுரையில் வழக்கறிஞராக விளங்கியவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற கள்ளர் மக்களுக்காக வாதாடி, 'ரோசாப்பூ துரை' என அவர்களால் அன்புடன் அழைக்கப்பெற்றவர். கே. பி. கேசவ மேனன், டி. கே. மாதவன் ஆகியோர் ஏப்ரல் 7-ஆம் நாள் சிறைப்பட்டபின், தலைமைப் பொறுப்பு இவர்பால் வந்தது.

அதற்கு முதல்நாள், ஏப்ரல் 6-இல், காந்தியடிகள் இவர்க்கு ஒரு கடிதம் எழுதினார். வைக்கம் பணியை இந்துக்களிடமே விட்டுவிடுதல் வேண்டும் என்பது அதன் சாரம். தீண்டாமை இந்துக்கள் இழைத்த பாவம்; கழுவாயும் அவர்களே தேடல் வேண்டும்; 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசும் இந்துக்களையே இதற்கு அழைத்தது என்பன அடிகள் கருத்து. தொண்டர்க்கு உணவளிக்கப் பஞ்சாபிலிருந்து வந்த அகாலிச் சீக்கியர் நடத்திய சமையற்கூடத்தையும் அவர் ஏற்றிலர்.

இக்கொள்கையை எளிதில் தள்ளிவிடல் இயலாது. கிறித்தவர் ஒருவர் தலைமையேற்பின், 'இது பிறசமயத்தார் சூழ்ச்சி' என வைதிகர் கூறுதற்கு வாய்ப்பு உண்டாகும். அன்றியும், ஒரு சமயத்தின் உட்குறையைப் பிறர் திருத்தப் புகுதல் பகைக்கு வித்தாகும். கிலாபத்து இயக்கத்தில் இந்துக்கள் கலந்துகொண்டதை எடுத்துக்காட்டி இதனை மறுப்பார்க்கு, அஃது அயலாட்சியை எதிர்த்தது, இஃது அகத்தே நிகழும் திருத்தம் என விடை கூறுதலும் கூடும்.

4. மறுதலை

எனினும் இக்கொள்கையில் ஒரு குறை உண்டு. தீண்டாமையைப் பாவம் எனக் கொள்ளின், பாவம் செய்தவர் மனமாற்றமே முதன்மை பெறும். துன்புற்றவர் அம்மாற்றத்திற்குக் காத்திருப்போர் ஆவர். அரசினர் சாலையில் நடக்கும் உரிமை எனக் கொள்ளின், அது குடிமக்கள் அனைவரையும் பற்றியது. அவ்வுரிமை ஒருவர்க்கு மறுக்கப்படின் கேட்கும் கடமை எச்சமயத்தார்க்கும் உண்டு. ஜார்ஜ் ஜோசப் அவ்வேப்ரல் திங்களிலேயே சிறைபுகுந்தார். பின்னர்த் தமிழ்நாட்டினின்றும் சென்ற பெரியார் ஈ. வெ. இராமசாமி இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் போராட்டத்தில் பங்குகொண்டார்.

இருவகைக் கொள்கையும் அடுத்த ஓராண்டில் தேர்வுக்கு உள்ளாயின. 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினர் நடைப்பயணம் மேற்கொண்டு, ஏறத்தாழ 25,000 கையொப்பங்களுடன் சேது லட்சுமி பாய் அரசியாரிடம் விண்ணப்பம் அளித்தனர். அடிகள் விரும்பிய மனமாற்றத்திற்கு இது சான்று. ஆயின் 1925 பிப்ரவரியில் திருவாங்கூர்ச் சட்டசபையில், வழிகளைத் திறக்கும் தீர்மானம் 22-க்கு 21 என ஒரே வாக்கில் தோற்றது. மார்ச்சில் அடிகளே வைக்கம் சென்று நம்பூதிரித் தலைவருடன் உரையாடியும் அவர் இணங்கவில்லை. நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது மூன்று பக்கத் தெருக்கள் திறக்கப்பட்டன. கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. மனமாற்றம் பலரிடம் நிகழ்ந்தது உண்மை. வழியை அடைத்து நின்றாரிடம் அது நிகழவில்லை என்பதும் உண்மை.

5. முடிவுரை

1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவாங்கூர் மன்னர் விடுத்த கோயில் நுழைவு அறிக்கை, பிறப்பாலோ சமயத்தாலோ இந்துவாயினார் அனைவர்க்கும் கோயிலைத் திறந்தது. வழிபாட்டுரிமையைச் சமயத்தின் பெயரால் வழங்கல் பொருந்தும். தெருவில் நடக்கும் உரிமையோ அத்தகையதன்று. அது மாந்தர் என்னும் ஒன்று கொண்டே வருவது. வைக்கத்தில் இவ்விரண்டும் வேறுபிரித்து உணரப்படாமையே, ஜார்ஜ் ஜோசப் போன்றாரை விலகி நிற்கச் சொன்னமைக்குக் காரணம் எனல் பொருந்தும்.

ஆகவே, பிறர் சமயத்தின் கருவறைக்குள் நாம் கட்டளையிடல் முறையன்று. அச்சமயத்தின் பெயரால் பொதுவழி அடைக்கப்படின் வாளாவிருத்தலும் முறையன்று. ஆலுவாயில் பல சமயத்தார் ஒருவரையொருவர் அறிய முற்பட்டனர். அவ்வறிவு வைக்கத்துத் தெருவில் ஒருவர்க்காக மற்றவர் நிற்கும் அளவிற்கு வளர்ந்திருப்பின், அம்பலம் என்னும் சொல்லின் பழம்பொருளும் அத்தெருவிற்கு மீண்டிருக்கும்.