சுழல் துப்பாக்கி பழுதுபார்ப்பு

சுழல் துப்பாக்கி பழுதுபார்ப்பு என்பது, ரிவால்வர் எனப்படும் பழைய சுழல் துப்பாக்கிகளில் தேய்ந்த அல்லது ஒடிந்த விற்களையும் சிறு உறுப்புகளையும் நீக்கி, அவற்றுக்கு ஈடானவற்றைச் செய்து பொருத்தும் தொழில் ஆகும். இந்தியாவில் உரிமம் பெற்றவர் மட்டுமே இதனைச் செய்ய இயலும்.

விற்களின் பணி

சாமுவேல் கோல்ட் 1836 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பின்னர் சுழல் துப்பாக்கி பரவலானது. 1887 முதல் பிரித்தானியப் படையில் வழங்கிய வெப்ளி வகையில், "V" வடிவத் தட்டை வில் சுத்தியலை இயக்குகிறது. பிற்கால வகைகள் பலவற்றில் சுருள்வில் உள்ளது. விசை, உருளை நிறுத்தி ஆகியவற்றுக்கும் தனித்தனி விற்கள் உண்டு.

பழுதும் ஆபத்தும்

துரு, உலோகச் சோர்வு, பிழையான பதப்படுத்தல் ஆகியவற்றால் விற்கள் ஒடிகின்றன. சுத்தியலின் வில் தளர்ந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். உருளை நிறுத்தி தேய்ந்தால் உருளையின் அறை குழலுக்கு நேராக நில்லாது. அந்நிலையில் சுட்டால் ஈயச் சிதறல்கள் பக்கவாட்டில் தெறிக்கும். சுத்தியலைத் தாங்கும் விளிம்பு தேய்ந்திருந்தால் விசையை அழுத்தாமலேயே துப்பாக்கி வெடிக்கக்கூடும். பழைய வகைகளின் உறுப்புகள் பெரும்பாலும் கையால் அராவிப் பொருத்தப்பட்டவை. ஆதலால் ஒன்றின் உறுப்பு, அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றுக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

சட்ட நிலை

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றுடன் பழுதுபார்த்தலுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இதனை மீறுவோருக்கு 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சட்டத்தின் வரையறையில் துப்பாக்கியின் உறுப்புகளும் அடங்கும்.

பழுதுபார்த்தாலும் பயன்படுத்த இயலாத பழம்பொருள்களுக்கு 45 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் புதிய வில் ஒன்றைப் பொருத்தியவுடன் இயங்கக்கூடிய துப்பாக்கி, வில் ஒடிந்த நிலையிலும் படைக்கலமே ஆகும்.

விழுப்புரம் மாவட்டத்தில்

1993 இல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து உருவான விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் உட்பட்ட பகுதிகளின் தனிநபர் துப்பாக்கி உரிமங்களை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். உரிமம் பெற்றிருந்தவர் இறந்த பின்னர் வீட்டுப் பெட்டியில் துப்பாக்கி இருப்பதைக் காணும் வாரிசுகள், அதனைப் பழுதுபார்க்கவோ வைத்துக்கொள்ளவோ முற்படாமல், 21 ஆம் பிரிவின்படி காலம் தாழ்த்தாது அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். பின்னர் தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம்.

புதிய தயாரிப்புகள்

பொதுமக்களுக்கான .32 அங்குலச் சுழல் துப்பாக்கி கான்பூரில் அரசுத் தொழிற்சாலையில் தயாரிக்கப்படுகிறது. இது வெப்ளி அமைப்பைத் தழுவியது. எடை குறைந்த "நிர்பீக்" வகை 2014 இல் வெளியானது.