பண்டு குழி

பாண்டவர் குழி என்னும் பழங்கல்லறைப் பெயர் மாண்டவர் குழியின் திரிபாம். மேடைக்கு மேடை இதைச் சொல்கிறார்கள். மிஞ்சு, விஞ்சு என மகரம் வகரமாவது உண்டு. மொழிமுதல் மகரம் பகரமானதற்கு இவர்கள் ஒரு சான்றும் காட்டுவதில்லை. 'மாண்ட' என்றாலே சாவு என்று கொள்வோர் புறநானூறு 191ஐப் புரட்டட்டும். தமக்கு நரை வராததற்குப் பிசிராந்தையார் காரணம் சொல்லும்போது முன்வைக்கும் 'மாண்ட' மனைவி இறந்தவளா? மாட்சிமை மிக்கவள்.

பெயர் குறிக்கும் பொருளையும் பார்க்க வேண்டும். நான்கு கற்பலகைகள், ஒன்றன் விளிம்பு அடுத்ததை அணைக்கும்படி நிறுத்தியவை, மேலே மூடுகல். கீழ்த்திசைப் பலகையில் பல இடங்களில் வட்டமாக ஒரு இடுதுளை. உள்ளே கருப்பு சிவப்புக் கலங்கள், இரும்புக் கருவிகள், சூதுபவள மணிகள். எலும்புகள் பெரும்பாலும் சதை நீங்கியபின் பொறுக்கி வைத்தவை. கர்நாடகத்துப் பிரமகிரியில் 1947இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது, புதிய கற்காலக் குடியிருப்பை அடுத்து வந்த இரும்புக் கால மக்களின் ஈமக்கூடங்கள் இவை என்பது மண்ணடுக்கிலேயே தெரிந்தது.

மலபாரில் இவற்றைத் திறந்து பார்த்த பாபிங்டனின் கட்டுரை 1823இல் அச்சேறியது. அதில் பெயர் 'பாண்டூ கூலி'. பாண்டவர் இல்லை. குடகில் 'பாண்டு பாறை'. அங்கும் 'அவர்' ஈறு இல்லை. ஆங்கில எழுத்து அகரத்தின் குறில் நெடிலைக் காட்டாது. ஆகவே பண்டு குழி என்றே படிக்கிறேன். மலையாளத்தார் இன்றும் பழங்கதையைத் தொடங்குவது 'பண்டு பண்டு' என்றுதான். பண்டையோர் குழி, பாரதம் கேட்டுப் பழகிய செவிக்குப் பாண்டவர் குழியானது. மறையூர் மலையில் இதே கல்லறை முனியறை. அங்கே குடிவைத்தது முனிவரை.

இக்கல்லறையைப் பதுக்கை என்றும் சொல்கிறார்கள். ஆனால் பதுக்கை வேறு. குறுந்தொகை 77இல் அது வழியில் மடிந்தவர்மேல் குவித்த தழை, யானைக்கு நிழல் தரும் அளவுக்கு உயர்ந்தது. பதுக்கு என்னும் வினையடி. கற்பலகை அறைக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் இக்கால ஆய்வாளர்கள்.

முதுமக்கள் தாழியை வைத்து, கிழடுகளை உயிரோடு அமுக்கினார்கள் என்று கட்டிய கதையும் இவ்வகையே. புறநானூறு 256இல் கணவனை இழந்தவள், தானும் உடன் அடங்கும்படி தாழியை அகலமாக வனையக் குயவனை வேண்டுகிறாள். முதுமை எங்கே வந்தது? முதுமக்கள் என்றால் முன்னோர். கிழக்கே முது, மேற்கே பண்டு. இருபுறமும் எண்ணம் ஒன்றே. பண்டே மூலம் என்பது என் துணிபு.