எழுதியவரே நாயகன்: பாக்யராஜ் முதல் பிரதீப் ரங்கநாதன் வரை ஒரு பாதை மாற்றம்

கதை எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடிப்பவர்கள் தமிழ்த் திரைக்குப் புதியவர்கள் அல்லர். 1958இல் 'நாடோடி மன்ன'னைச் சொந்தமாகத் தயாரித்து இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்தார் எம்.ஜி.ஆர். ஆனால் அப்போதே அவர் பெரிய நட்சத்திரம். கையிலிருந்த புகழை முதலாக்கி இயக்குநரானவர். இதற்கு நேர் எதிரான பயணம் ஒன்று உண்டு. முகத்தைப் பார்த்து யாரும் கால்ஷீட் கேட்டு வராத ஒருவர், எழுத்தை மட்டும் நம்பி வந்து, அந்த எழுத்தின் வழியாகவே நாயகனாவது. இக்கட்டுரை பின்தொடர்வது அந்தப் பயணத்தை. அது தொடங்கிய இடம் கோடம்பாக்கம். இன்று அதன் தடம் தாம்பரத்துக்குக் கிழக்கே, பொறியியல் கல்லூரிகள் நிறைந்த புறநகர் வழியாகப் போகிறது.

தொடக்கப் புள்ளியாக 1979ஐக் கொள்வதே பொருத்தம். கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயிலிலிருந்து வந்த கே. பாக்யராஜ், '16 வயதினிலே' (1977) படத்தில் பாரதிராஜாவின் உதவியாளர். 'சிகப்பு ரோஜாக்க'ளுக்கு (1978) வசனம் எழுதியவர். 'புதிய வார்ப்புகள்' படத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தவரையே அதன் நாயகனாக்கினார் பாரதிராஜா. அதே ஆண்டில் பாக்யராஜ் இயக்கிய முதல் படம் 'சுவரில்லாத சித்திரங்கள்' வந்தது. அதில் அவர் முதன்மை நாயகன் அல்ல, சுதாகர்தான் நாயகன். இயக்குநராக முதல் அடியை இன்னொரு நடிகரை முன்னே நிறுத்தி வைத்து, பிறகே தன்னைக் கதையின் நடுவில் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து இதே வரிசை மறுபடி நடந்ததைப் பின்னால் பார்ப்போம்.

பாக்யராஜ் தனக்காக எழுதிக்கொண்ட பாத்திரங்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். 'அந்த 7 நாட்கள்' (1981) பாலக்காட்டு மாதவன் இசையமைப்பாளராகும் கனவோடு வந்த ஏழை. காதலித்தவளைக் கடைசியில் அவளுடைய கணவனிடமே விட்டுவிட்டுப் போகிறவன். ஏவி.எம். தயாரித்த 'முந்தானை முடிச்சு' (1983) வாத்தியார், ஒரு பெண் சொன்ன பொய்யால் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைகுனிந்து நிற்கிறவர். அன்றைய முன்னணி நடிகர்கள் இவற்றைச் செய்திருந்தால் அவர்களுக்கென்று பாத்திரத்தின் உயரத்தைக் கூட்டவேண்டி வந்திருக்கும். எழுதியவரே நடித்ததால் அந்தச் சமரசம் தேவைப்படவில்லை. எழுத்தாளர் நாயகனாவதன் உண்மையான ஆதாயம் இதுதான் என்பது என் கணிப்பு: தோற்கிற, அசடு வழிகிற, தப்புப் பண்ணுகிற ஒருவனை அப்படியே திரையில் வைக்க முடிகிறது.

இந்தப் பட்டறையிலிருந்து ஒரு வம்சமே கிளம்பியது. பாக்யராஜின் உதவியாளர் பாண்டியராஜன், 1985இல் 'கன்னி ராசி'யை இயக்கி, அதே ஆண்டில் 'ஆண் பாவம்' படத்தில் நடிக்கவும் செய்தார். இன்னொரு உதவியாளர் பார்த்திபன், 'புதிய பாதை'யில் (1989) ஒரு ரவுடியாகத் தன்னை நிறுத்தினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. எஸ்.ஜே. சூர்யா 'வாலி' (1999), 'குஷி' (2000) என்று மற்றவர்களை வைத்து வென்றபின், முதலில் அஜித்துக்காகத் திட்டமிட்ட 'நியூ'வில் (2004) தானே நாயகனானார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது உதவி இயக்குநர் வாழ்க்கை. மேன்ஷன் அறை, கதை விவாதத்தில் மூலையில் உட்காரும் இடம், கிளாப் அடிப்பது, கன்டினியுட்டி எழுதுவது, தயாரிப்பாளர் அலுவலகத்தில் ஒன்லைன் சொல்லக் காத்திருப்பது. எழுதக் கற்றுக்கொண்டது குருவின் நிழலில்.

இந்த ஏற்பாடு 2008க்குப் பிறகு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டில் வந்த கேனான் 5டி மார்க் 2 போன்ற ஸ்டில் கேமராக்கள் சினிமாத் தரத்துக்கு அருகில் வீடியோ எடுத்தன. படத்தொகுப்பு மடிக்கணினிக்குள் வந்தது. யூடியூப் வெளியீட்டுச் செலவை இல்லாமல் ஆக்கியது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படத்தையே நுழைவுச் சீட்டாக மாற்றியது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அந்த வழியே வந்தவர்கள்.

இந்த மாற்றத்தைத் தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இன்னொன்றும் தெளிவாகும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. கோடம்பாக்கமும் தாம்பரமும் அந்த ஒரே தடத்தில் இருந்தும், சினிமா வெகுகாலம் கோடம்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே வரவில்லை. இந்தப் பக்கம் வந்ததெல்லாம் படம் ஓடும் தியேட்டர்கள்தான். குரோம்பேட்டை வெற்றி தியேட்டரின் முதல் நாள் கொண்டாட்டம் இன்று மாநிலம் முழுக்கத் தெரிந்த ஒன்று. படம் எடுக்கும் ஆட்கள் இங்கே உருவானது பொறியியல் கல்லூரிகள் பெருகிய பிறகு. சேலையூரில் பாரத், வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., பழைய மகாபலிபுரம் சாலையில் இந்துஸ்தான், எஸ்.எஸ்.என். தாம்பரம் – வேளச்சேரி சாலையில் காலை ஏழு மணிக்குச் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தங்களில் கல்லூரிப் பேருந்துக்காகப் பையோடு நிற்கும் வரிசை, இந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. செம்பாக்கம் நகராட்சியும் பல்லாவரம், பம்மல் முதலியனவும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது 2021இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர்களை ஒன்றாகத் தைத்தவை அந்தப் பேருந்துகள். கல்லூரிக் கலைவிழாவுக்குக் குறும்படம் எடுத்த ஒரு தலைமுறை அவற்றில் பயணம் செய்தது.

1993இல் சென்னையில் பிறந்த பிரதீப் ரங்கநாதன் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். 'வாட்ஸ்அப் காதல்', 'ஆப்(பா) லாக்' முதலிய குறும்படங்களால் கவனம் பெற்றார். அவருடைய முதல் படம் 'கோமாளி' 2019 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. வேல்ஸ் பிலிம் இன்டர்நேஷனல் தயாரிப்பு, ஜெயம் ரவி நாயகன். 1999 டிசம்பர் 31 இரவில் கோமாவில் விழுந்த பள்ளி மாணவன் பதினாறு ஆண்டு கழித்துக் கண் விழித்தால், எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். இறுதியில் வெள்ளம் வந்து மனிதர்களை நிமிர்த்துகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ட புறநகர்க்காரர்களுக்கு அந்தக் காட்சிகள் வெறும் கற்பனை அல்ல.

பாக்யராஜைப் போலவே முதல் படத்தில் இன்னொருவரை நாயகனாக்கிய பிரதீப், இரண்டாவதில் தானே முன்வந்தார். 'ஆப்(பா) லாக்'கின் விரிவாக்கமான 'லவ் டுடே' ஏ.ஜி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பில் 2022 நவம்பர் 4 அன்று வெளியானது. பெண் கேட்டு வந்தவனிடமும் தன் மகளிடமும் அப்பா வேணு சாஸ்திரி (சத்யராஜ்) விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: இருவரும் ஒரு நாள் கைப்பேசிகளை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். சத்தம் போடும் சண்டை கிடையாது. கறாரான குரலில் ஒரு கோரிக்கை, சோபாவில் உட்கார்ந்திருக்கும் இருவரின் முகத்தில் வழிகிற பயம். அதுவரை அடிதடியில் தன் வீரத்தைக் காட்டிய தமிழ் நாயகன் இங்கே பாஸ்வேர்டைச் சொல்லத் தயங்குகிறான். பிரதீப்பின் ஒல்லி உடம்பும் திருதிரு விழியும் நடிப்புக்கு முன்பே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. நட்சத்திர நடிகர் எவரிடமாவது இந்தக் கதை போயிருந்தால், நாயகனுடைய போலிக் கணக்கும் பெண்களுக்கு அனுப்பிய செய்திகளும் திரைக்கதையிலிருந்து முதலில் வெட்டப்பட்டிருக்கும்.

படத்தின் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நிகிதாவின் (இவானா) முகத்தை ஒட்டிய போலி ஆபாசக் காணொளி பரவும்போது, அவளை நம்புவதாக அவன் சொல்வதே அவனுக்குப் பாவமன்னிப்பாகிவிடுகிறது. அவன் செய்த தவறுகளின் கணக்கு அவள் தரப்பிலிருந்து முழுதாகத் தீர்க்கப்படவில்லை. தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் துணிந்த எழுத்தாளர், தீர்ப்பு எழுதும் நேரத்தில் நாயகன் பக்கம் சாய்ந்துவிட்டார். பாக்யராஜின் பெண் பாத்திரங்களுக்கும் இது நடந்ததுண்டு. எழுதியவரே நடிக்கும்போது கூடவே வருகிற ஆபத்து இது.

சிறிய முதலீட்டில் எடுத்த 'லவ் டுடே' பெரும் வசூல் கண்டது. தெலுங்கில் மொழிமாற்றமாக ஓடியது. இந்தியில் 'லவ்யாபா' (2025) ஆனது. அதன்பின் பாதை மாறியது. 2025 பிப்ரவரி 21 அன்று வந்த 'டிராகன்' அஷ்வத் மாரிமுத்து இயக்கத்தில் பிரதீப் நடித்தது. 48 அரியர் வைத்துப் போலிச் சான்றிதழில் வேலைக்குப் போன பொறியியல் மாணவன், மறுபடி கல்லூரி வகுப்பில் உட்காரவேண்டி வருகிற கதை. அரியர் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு அறிந்த இந்தப் புறநகரில் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. அதே ஆண்டு தீபாவளிக்குக் கீர்த்திஸ்வரன் என்ற புது இயக்குநரின் 'டியூட்'. இரண்டுமே 100 கோடி ரூபாய் வசூலைத் தாண்டியதாகத் தயாரிப்புத் தரப்பினர் அறிவித்தனர்.

மற்றவர் இயக்கத்தில் நடிப்பது குற்றமல்ல. 'டிராக'னில் அவருடைய நடிப்பு 'லவ் டுடே'யைவிட முதிர்ந்தது, குறிப்பாக ஏமாற்றப்பட்ட பெற்றோர் முன் நிற்கும் இடங்களில். கவலை வேறு. 2015இல் 'இசை'யை இயக்கிய எஸ்.ஜே. சூர்யா, நடிகராக உச்சத்துக்குப் போன அடுத்த பத்தாண்டில் ஒரு படத்தைக்கூட இயக்கி வெளியிடவில்லை. 'கில்லர்' என்று தன் அடுத்த படத்தை அறிவித்தது 2025இல். வெற்றி பெற்ற நடிகரின் நாட்காட்டியில் முதலில் காணாமல் போவது எழுதுவதற்கான மாதங்கள். பிரதீப்பின் பலம் அந்த மாதங்களில்தான் விளைந்தது. 'கோமாளி'க்கும் 'லவ் டுடே'க்கும் இடையே மூன்று ஆண்டு இடைவெளி. 'லவ் டுடே' வெளியாகி மூன்று ஆண்டு நிறைந்து 2025 முடிந்தபோதும், அவர் இயக்கும் மூன்றாவது படம் திரைக்கு வரவில்லை.