தென்னிந்தியப் புதையல்களில் உரோம வெள்ளிக்காசுகள்

தென்னிந்தியாவில் கிடைத்துள்ள தினாரியஸ் எனப்படும் உரோம வெள்ளிக்காசுகளுள் பெரும்பாலானவை இரு வகையின. ஒன்று, அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் காயுஸ், லூசியுஸ் என்னும் இளவரசர் இருவர் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்பர். மற்றொன்று, திபேரியஸ் (கி.பி. 14-37) வெளியிட்டது, அதில் அமர்ந்த பெண்ணுருவம் ஒன்று காணப்பெறும்.

கி.பி. 64இல் நீரோ காசின் எடையைக் குறைத்தான். ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்த நிலை மாறி 96 ஆயிற்று. வெள்ளியின் தூய்மையும் தாழ்ந்தது. அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் இங்கு அருகியே கிடைக்கின்றன. எனவே, இந்திய வணிகர் தாம் நம்பிய முத்திரைகளையே தேர்ந்து ஏற்றனர் என ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்விரு வகைகளைப் பார்த்து இந்தியாவில் செய்யப்பெற்ற போலிக்காசுகள் இக்கருத்திற்கு அரண் செய்கின்றன.

காசு சேகரிப்போர் அரியதையே நாடுவர். வரலாற்றிற்கோ மிகுதியாகக் கிடைப்பதும் சான்றாகும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதித்தது. ஆயினும், புதையல்கள் பல முறையாக எண்ணப்படுமுன்னரே உருக்கப்பட்டும் பிரித்து விற்கப்பட்டும் சிதறின. அரிய காசு தனித்து நின்றும் விலைபெறும். பொதுவான காசோ, தன் புதையலோடு இருந்தாலன்றி வரலாறு கூறாது.