மூன்று ஞாயிறு அறிவித்து விற்ற வளவு

வேலணையிலோ புங்குடுதீவிலோ பழைய வீடொன்று விலைக்கு வந்தால் இன்று பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் போதும். இத்தனை பரப்புக் காணி, நன்னீர்க் கிணறு, பழைய கல்வீடு, உரித்தாளர் வெளிநாட்டில். முந்நூறு வருடத்துக்கு முன் இதே யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு வளவு கைமாறுவது ஊரறிந்த காரியம்.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் காணி வழக்கத்தை அவர்கள் அழிக்கவில்லை. 1706இல் ஆளுநர் சீமோன்ஸ் பணித்தபடி கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி அதை எழுத்தில் தொகுத்தார். தமிழாக்கத்தை 12 முதலியார்கள் படித்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்ட தேசவழமை இதுதான்.

விற்பனை பற்றி அது சொல்வதைக் கேளுங்கள். விற்க நினைப்பவர் முதலில் உரித்துக்காரருக்கும் பங்காளருக்கும், காணியை ஒற்றியாகப் பிடித்திருக்கும் அயலவருக்கும் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வாங்கமாட்டோம் என்ற பிறகே பிறத்தியாருக்கு விற்கலாம். ஒல்லாந்தர் இதோடு ஒரு விதியையும் சேர்த்தார்கள். விற்கும் எண்ணத்தை அவரவர் கோவிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும். தீவுகளிலும் அப்போது அவர்களின் தேவாலயங்கள் இருந்தன.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமை பழைய காணி உறுதியொன்றை விரித்தால் புரியும். காணிக்கு ஒரு பெயர், பரப்புக் கணக்கு, பிறகு நாலு எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பெண்சாதி இன்னார். எல்லைக்காரர் பலர் பெண்கள், ஏனென்றால் வீடுவளவு சீதனமாக மகளுக்குப் போவது வழக்கம். கடைசியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். நன்னீர் அரிதான தீவில் கிணற்றுப் பங்கில்லாத வீட்டை யார் வாங்குவார்?

வீடும் அந்த மண்ணிலேயே விளைந்தது. கடலோரத்து முருகைக்கல், சுட்ட சுண்ணாம்புச் சாந்து, வைரமேறிய பனையில் சீவிய வளையும் சிலாகையும். வசதியுள்ளவர்கள் நாற்சார் வீடாகக் கட்டி, தெருவோரம் கூரை போட்ட சங்கடப்படலை வைத்தார்கள். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவென்றே கட்டிய அந்தப் படலையைவிடப் பெருந்தன்மையான கட்டடம் தீவகத்தில் இல்லை என்பேன்.

1947இல் வந்த சட்டம் வாங்கும் முன்னுரிமையைப் பங்காளரோடும் உரித்துக்காரரோடும் மட்டுப்படுத்தியது. அயலவர் உரிமை போயிற்று. 1990இலும் 1991இலும் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது அயலே இல்லாமல் போயிற்று. சனம் வெளியேறிய வீடுகளில் ஓடும் நிலைக்கதவும் கழன்றன, சுவரில் ஆல் முளைத்தது. பத்து வருடம் எதிரின்றி ஆண்டால் காணி ஆண்டவருக்கே என்பது 1871 முதலுள்ள சட்டம். போரால் காணியைப் பார்க்க முடியாதவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

இன்று பங்காளர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் சிதறியிருக்கிறார்கள். விற்பதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. திரும்பிவர முடியாதவர் வேறென்ன செய்வார்? ஆனால் வாங்குபவர் பெரும்பாலும் காணிக்கே விலை பேசுகிறார், வீடு இடிபடுகிறது. விற்கும் உறவுகளே, கையெழுத்துக்கு முன் வீட்டை அளந்து வரைபடம் போடுங்கள், படலையையும் கிணற்றையும் படமெடுங்கள், பழைய உறுதியின் பிரதியை நூலக நிறுவனம் போன்ற ஆவணக் காப்பாளரிடம் கொடுங்கள். விற்கும் செய்தியை முதலில் ஊரில் இருக்கும் பங்காளருக்குச் சொல்லுங்கள். சட்டமும் அதையே கேட்கிறது.